ஷ்ரூஸ்பரிக்கு அப்பா அம்மாவோடு போகிறேன், ஒரு நாள் போதுமா?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் ஆற்காடு. மே மாத நடுவில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இங்கே வருகிறார்கள். லண்டனுக்குத் தனியாகத் திட்டம் போட்டாயிற்று. அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், அவராக வாய்விட்டுக் கேட்ட ஒரே ஊர் ஷ்ரூஸ்பரிதான். "கிளைவ் எம்.பி.யாக இருந்த ஊர், உன் வீட்டிலிருந்து பக்கம்தானே, கூட்டிக்கொண்டு போவாயா?" என்று போன வாரம் போனில் கேட்டார். சின்ன வயதில் என்னை சைக்கிளில் உட்காரவைத்து பாலாற்றங்கரையில் இருக்கிற டெல்லி கேட்டுக்குக் கூட்டிப் போய், 1751ல் இந்தக் கோட்டையை 50 நாள் முற்றுகை போட்டார்கள், உள்ளே இருந்தது கிளைவ் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையின் மறுமுனையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார் போல.

நான் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது, ஆனாலும் அந்த ஊருக்குப் போனதில்லை. ரயிலில் போகலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார், அப்புறம் உட்கார இடம் வேண்டும். அசைவம் தொடமாட்டார், முட்டைகூடக் கிடையாது. சனிக்கிழமை போவதா, லீவு போட்டு வார நாளில் போவதா? ஒரு நாள் போதுமா? அப்பாவுக்கு எதைக் காட்டாமல் திரும்பக் கூடாது? சுற்றுலாத் தளங்களில் இருக்கிற பட்டியலைப் படித்துவிட்டேன், அங்கே நடந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செவர்ன்_வளைவு:

வணக்கம் தம்பி. நான் இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அப்பாவுக்கு இதைக் கிளைவின் ஊர் என்று மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். கிளைவ் பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்னாலிருந்தே இது சந்தை ஊர், இன்றைக்கும் சந்தை ஊர்தான். சந்தையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மற்றது எல்லாம் தன்னால் விளங்கும். கோட்டை, சர்ச், சிலை என்று தனித்தனியாகப் பார்த்தால் எல்லா இங்கிலாந்து ஊரும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும், வரலாறு படித்தவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

ஊரின் வடிவத்தை மேப்பில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். செவர்ன் ஆறு ஒரு குதிரை லாடம் மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. மூன்று பக்கமும் தண்ணீர், வடகிழக்கில் மட்டும் குறுகலாக ஒரு கழுத்து, அந்தக் கழுத்தின் மேல்தான் சிவப்பு மணற்கல் கோட்டை. ஒரே ஒரு வாசல் இருக்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. நார்மன் பிரபு ரோஜர் டி மாண்ட்கோமரிதான் அங்கே கோட்டையை நிலைநாட்டியவர், 1083ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மடாலயத்தை நிறுவியவரும் அவரே. ஆற்றின் மேல் கிழக்கே இங்கிலிஷ் பிரிட்ஜ், மேற்கே வெல்ஷ் பிரிட்ஜ். ஒரு பாலம் லண்டன் பக்கம் போகிறது, இன்னொன்று வேல்ஸ் பக்கம். இந்த இரண்டு பெயரும்தான் ஊரின் பிழைப்பு. வேல்ஸ் மலைக் கிராமங்களில் நெய்த கம்பளித் துணி இங்கே வரும், துணியின் மேல் நிற்கிற மயிரைப் பெரிய கத்தரிக்கோலால் சமமாக வெட்டுகிற தொழிலாளிகள் இங்கே இருந்தார்கள், அவர்கள் கையில் பட்ட பிறகு பொதிக்குதிரைகளில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவார்கள். அந்த வியாபாரம் ஷ்ரூஸ்பரித் துணி வணிகர் சங்கத்தின் பிடியில் இருந்தது. இன்று நீங்கள் போட்டோ எடுக்கப் போகிற கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகளில் மிகப் பெரியவை அந்த வணிகர்கள் கட்டியவை. ஹை ஸ்ட்ரீட்டில் எதிரெதிராக நிற்கிற அயர்லாண்ட்ஸ் மேன்ஷன், ஓவன்ஸ் மேன்ஷன் இரண்டையும் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ஸ்கொயர். நடுவில் வளைவுகளோடு கல் கட்டடம் ஒன்று நிற்கிறது, ஓல்ட் மார்க்கெட் ஹால், 1596ல் கட்டியது. கீழே திறந்த வளைவுகளுக்குள் தானியம் விற்பார்கள், மேலே துணி வணிகர்கள் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். இப்போது மேல்தளத்தில் ஒரு சின்ன சினிமா அரங்கும் காபிக் கடையும் இருக்கின்றன. உள்ளே போகும்முன் கீழ் வளைவுகளுக்குள் நுழைந்து சுவரில் வரிசையாகத் துளை போட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள். மரக்குச்சிகளைச் செருகிச் செருகிச் சரக்குக்குக் கணக்கு வைத்த துளைகள் அவை. கண்ணுக்கு நேராக இருந்தும் பாதிப் பேர் அதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்தது அதுதான், கோட்டையை விட.

அப்புறம் தெருப்பெயர்கள். ஃபிஷ் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட், புட்சர் ரோ. எது எங்கே விற்றதோ அதுவே பெயர். புட்சர் ரோவில் அபட்ஸ் ஹவுஸ் என்று 1450களில் கட்டிய மரவீடு இருக்கிறது, அதன் கீழ்த்தளத்தில் இடைக்காலக் கடைமுகப்பு அப்படியே தங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு அடியில் அகலமான பலகை வைத்திருப்பார்கள், அதுதான் கடைப்பலகை. தெருவில் நின்றபடியே வாங்க வேண்டியதுதான், உள்ளே போகிற பழக்கமே கிடையாது. நம் ஊர்ப் பெட்டிக்கடை போலத்தான்.

தெருவுக்குத் தெரு இடையில் சந்துகள் ஓடும், இங்கே அவற்றை "ஷட்" என்பார்கள். சிலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பேர் ஸ்டெப்ஸ் பக்கம் தலையை நிமிர்த்தினால் மேல்மாடிகள் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி சாய்ந்து நிற்கும். ஆனால் அங்கே படிகளும் உருளைக்கல் தரையும் உண்டு. அம்மாவை ஃபிஷ் ஸ்ட்ரீட் வழியாக மெதுவாகக் கூட்டி வாருங்கள், படியில் இறக்க வேண்டாம்.

புதுச் சந்தையையும் விட்டுவிடாதீர்கள். 1965ல் கட்டிய செங்கல் கட்டடம், உயரமான மணிக்கூண்டு, வெளியே பார்த்தால் ஒன்றும் அழகில்லை, மரவீடுகளுக்கு நடுவில் அது ஏன் நிற்கிறது என்று கூடத் தோன்றும். உள்ளே போனால் கறிக்கடை, மீன்கடை, காய்கறி, பாலாடைக்கட்டி, பழைய புத்தகம், பூ, மாடியில் சாப்பாட்டுக் கடைகள். பிரிட்டனின் மக்கள் விரும்பும் சந்தை என்ற விருதை 2023லும் 2024லும் வாங்கியது. ஞாயிறு, திங்கள் வந்துவிடாதீர்கள், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை கூட்டம் அதிகம், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்காது. லீவு கிடைக்குமானால் புதன் அல்லது வெள்ளி வாருங்கள்.

மூன்று பேர் சேர்ந்து வருவதால் அலுவல் நேரம் தாண்டிய ரயிலில் குரூப்சேவ் டிக்கெட் கேளுங்கள், மூன்றில் ஒரு பங்கு குறையும், எந்த கார்டும் தேவையில்லை.

டெல்ஃபோர்ட்_அக்கா:

தம்பி, மேலே அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் அம்மாவின் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டெல்ஃபோர்டில் இருக்கிறோம், என்ர மாமியைக் கூட்டிக்கொண்டு மூன்று தரம் போயிருக்கிறன், அவவுக்கும் முழங்கால்தான் பிரச்சினை.

ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கிறது. வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் காசில் கேட்ஸ் என்கிற ஏற்றம். தூரம் குறைவு, ஆனால் ரயிலால் இறங்கின உடனே ஏறுவது கஷ்டம். பாதி ஏற்றத்தில் வலது பக்கம் நூலகம் வரும். அதுதான் சார்ல்ஸ் டார்வின் படித்த பழைய பள்ளிக்கூடம், முன்னால் அவர் கதிரையில் (நாற்காலியில்) இருக்கிற மாதிரி சிலை, 1897ல் வைத்தது. அந்த இடத்தில் கட்டாயம் நின்று மூச்சு வாங்குங்கள். டார்வின் 1809ல் இந்த ஊரில்தான் பிறந்தவர். ஊரே கிளைவ் கிளைவ் என்று கதைத்தாலும் எனக்கு இந்த ஊரின் பெரிய பிள்ளை டார்வின்தான்.

அந்தச் சிலைக்கு ஒரு கதை இருக்கிறது, உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். 1894ல் பெரிய புயல் ஒன்றில் செயின்ட் மேரீஸ் சர்ச் கோபுரத்தின் நுனி இடிந்து கூரைக்கு மேலே விழுந்தது. டார்வினுக்கு நினைவுச்சின்னம் வைக்க ஆட்கள் வெளிக்கிட்டதால் வந்த தெய்வ கோபம் என்று அந்தச் சர்ச் பாதிரியார் சொன்னவராம். ஆட்கள் கோபுரத்தையும் திருத்தினார்கள், மூன்று வருஷத்தில் சிலையையும் வைத்தார்கள். அந்தச் சர்ச்சுக்குள் போய் இருங்கள், குளிர்ச்சி, அமைதி, வாங்குகள் (பெஞ்சுகள்) இருக்கின்றன. கிழக்கு ஜன்னலில் 14ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியம், பைபிளில் தாவீது ராஜாவின் தகப்பனாக வருகிற ஈசாயின் வம்சம் ஒரு கொடி மாதிரி படர்ந்து மேலே ஏறும். வெயில் இருக்கிற காலை நேரம் என்றால் நிறம் தரையில் விழும், மாமி அதைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் இருந்தவ.

குவாரி பார்க் ஆற்றங்கரையில், வடிவான இடம். நடுவில் டிங்கிள் என்று பள்ளமாக ஒரு பூந்தோட்டம், மே மாதம் நல்லாயிருக்கும். மேலே செயின்ட் சாட்ஸ் என்று வட்டமான சர்ச், டார்வினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம். அது ஏன் அங்கே புதிதாக வந்தது என்றால், பழைய சர்ச் 1788ல் இடிந்து விழுந்துவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று தாமஸ் டெல்ஃபோர்ட் என்கிற எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், அவர் கூரை இல்லை, கட்டடமே விழப்போகிறது என்றார், ஒருவரும் கேட்கவில்லை, சில நாளில் விழுந்தது. எங்கட டவுனுக்கு அவருடைய பெயர்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் எனக்கு அதில் ஒரு பெருமை. சர்ச்சிலிருந்து ஆற்றுக்கு இறங்குவது சரிவு. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், அதை யோசித்துச் செய்யுங்கள். கால் வலித்தால் டாக்ஸி எடுங்கள், சின்ன டவுன், கன காசு வராது.

சாப்பாடு. மார்க்கெட் மாடியில் தாய்லாந்துச் சாப்பாடு கிடைக்கும், வாசம் நல்லாயிருக்கும், ஆனால் மீன் சோஸ் போடுகிறார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மரக்கறி என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள். முட்டையும் இல்லை என்றால் அவனில் சுட்ட பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து சீஸும் பீன்ஸும் போட்டுத் தருவது எல்லா இடமும் இருக்கும். மாமிக்கு நான் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனேன், குவாரியில் ஒரு வாங்கிலிருந்து சாப்பிட்டோம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கட்டாயம் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்கிக் கொடுங்கள், முட்டை சேர்த்ததா என்று பார்த்து. புனேயில் கயானி பேக்கரியில் விற்கிறதே, அதே பெயர்தான். காசலுக்குக் கிட்ட ஒரு சுவரில் 1760ல் பெய்லின் என்கிறவர் இந்தப் பணியாரத்தைச் சுட்டு விற்ற கடை இது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

கயத்தாறு_மணி:

அப்பா வரலாற்று ஆசிரியர் என்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்கொயரில் கிளைவின் வெண்கலச் சிலை நிற்கிறது, 1860ல் மரோக்கெட்டி செய்தது. கிளைவ் 1761ல் இருந்து 1774ல் சாகும் வரை இந்த ஊரின் எம்.பி., 1762ல் மேயரும்கூட. ஆற்காட்டிலும் பிளாசியிலும் சேர்த்த பணம் இல்லாமல் அந்தப் பதவிகளை யோசிக்க முடியாது. 2020ல் சிலையை எடுக்கச் சொல்லி மனுக்கள் போயின, விவாதம் நடந்தது, சிலை அங்கேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் அப்பாவை அதன் முன்னால் கொண்டு போய் நிறுத்துங்கள். அந்த முற்றுகையில் செத்த சிப்பாய்கள் நம் பக்கத்து ஆட்கள். அவர்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் அந்தச் சிலையைப் பார்ப்பதற்கும், தெரியாமல் அதன் அடியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் ஷ்ரூஸ்பரியோடு நிறுத்தாதீர்கள். அங்கிருந்து மேற்கே போகிற ரயிலில் ஏறினால் 25 நிமிடத்தில் வெல்ஷ்பூல், வேல்ஸுக்குள் வந்துவிடும். அங்கே பாவிஸ் கோட்டை. அதற்குள் கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டு வந்த பொருள்களை வைத்திருக்கிறார்கள். திப்புவின் துணிக்கூடாரம், அவருடைய சிம்மாசனத்தில் இருந்த பொன் புலித்தலை ஒன்று, எல்லாம் அங்கே. இதில் முக்கியமானது என்னவென்றால், திப்புவின் பொருள்கள் ராபர்ட் கிளைவ் கொண்டு வந்தவை அல்ல, அவர் இறந்து 25 வருடம் கழித்துத்தான் ஶ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். 1799 மே மாதம் திப்பு விழுந்தது அவர் காலம். அதே வருடம் அக்டோபர் 16 அன்று எங்கள் ஊரில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது அவர் காலம். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டதும் அவர் காலம். அப்பன் ஆற்காடு, மகன் கயத்தாறு. நம் பள்ளிப் புத்தகத்தில் பானர்மன் பெயர் இருக்கும், மேலே கையெழுத்துப் போட்ட கவர்னர் யார் என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, உண்மையாகவே. இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

செவர்ன்_வளைவு:

மணி சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், பாவிஸுக்குப் போகத்தான் வேண்டும். வெல்ஷ்பூல் ஸ்டேஷனில் இருந்து கோட்டைக்கு ஒன்றரை இரண்டு கிலோமீட்டர், கடைசியில் ஏற்றம், அம்மாவுக்காக டாக்ஸி சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் அடுக்கடுக்காக மலைச்சரிவில் இறங்குகிறது, அம்மா மேல் அடுக்கிலேயே இருந்துகொள்ளலாம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், சிலையைப் பார்த்த கோபத்தோடு ஊரை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஸ்டேஷனுக்கு வடக்கே டாக்ஸியில் ஐந்து நிமிடம் போனால் டிதரிங்டன் ஃபிளாக்ஸ்மில். ஆளி நாரில் நூல் நூற்ற ஆலை, 1797ல் கட்டியது, தூணும் உத்திரமும் வார்ப்பிரும்பு. உலகத்தில் முதன்முதலாக இரும்புச் சட்டத்தில் எழுந்த கட்டடம் இதுதான், இன்றைய வானளாவிகளுக்கெல்லாம் பாட்டன். சார்ல்ஸ் பேஜ் என்பவர் வடிவமைத்தது. ஏன் இரும்பு? அதற்கு முந்தைய ஆலைகளுக்குள் நார்த்தூசி மிதக்கும், விளக்கு எரியும், தரை மரம், எண்ணெய் ஊறிய மரம், ஒரு பொறி பட்டால் முழு ஆலையும் போய்விடும். அந்தப் பயத்தில் பிறந்த கட்டடம். ஆலை மூடிய பிறகு 1897 முதல் 1987 வரை அங்கே பார்லியை முளைகட்டி மால்ட் செய்தார்கள், அதற்காகப் பெரும்பாலான ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்புறம் பல வருடம் பாழாகக் கிடந்தது. பழுது பார்த்து 2022ல் மக்களுக்குத் திறந்தார்கள். தூண்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், மெலிசாக இருக்கும், நடுவில் கொஞ்சம் பருத்து மேலும் கீழும் ஒடுங்கும், எங்கே வளைய வாய்ப்பு அதிகமோ அங்கே இரும்பைக் கூட்டியிருக்கிறார். கையால் தடவிப் பார்த்தால் அந்தப் பருமன் தெரியும்.

சிறைச்சாலையும் இருக்கிறது, 2013ல் மூடிவிட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். படிகள் நிறைய, அம்மாவுக்கு வேண்டாம்.

காரில் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, பின்னால் யாராவது தேடிப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஆற்றோரம் காரை நிறுத்திவிட்டு ஊருக்குள் போகாதீர்கள். இங்கே மழையே இல்லாவிட்டாலும் வேல்ஸ் மலையில் பெய்தது ஒன்றிரண்டு நாளில் இங்கே வந்து சேரும். ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடில் விட்டுவிட்டு பஸ்ஸில் வருவதுதான் நல்லது.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம், ஊர்ப்பெயரை எப்படிச் சொல்வது? என் ஆபீசில் ஒருவர் ஷ்ரோஸ்பரி என்கிறார், இன்னொருவர் ஷ்ரூஸ்பரி என்று சண்டைக்கு வருகிறார்.

செவர்ன்_வளைவு:

ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் வேலை பார்க்கிற இடத்தில் ஷ்ரூஸ்பரிதான் அதிகம். எப்படிச் சொன்னாலும் டிக்கெட் கொடுப்பார்கள்.

பாலாற்றங்கரை:

போய்விட்டு வந்துவிட்டோம், எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஷ்ரூஸ்பரி, சனிக்கிழமை பாவிஸ், நடுவில் ஒரு இரவு அங்கேயே தங்கினோம்.

அக்கா சொன்ன நூலகத்து வாசலில் அம்மா உட்கார்ந்தார், அப்பா டார்வின் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்கொயருக்குப் போனதும் நான் நேராகக் கிளைவிடம் கூட்டிப் போனேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் நின்றார், பிறகு "சென்னையில் கோட்டைக்குள் இருக்கிற சர்ச்சில்தான் இவனுக்குக் கல்யாணம் நடந்தது, 1753ல், அதுவும் செயின்ட் மேரீஸ்தான்" என்று மட்டும் சொன்னார். போட்டோ வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு மார்க்கெட் ஹால் வளைவுக்குள் போனோம். அண்ணா சொன்ன துளைகளை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா கண்டுபிடித்துவிட்டார். கல் தேய்ந்து விளிம்பு மழுங்கியிருக்கிறது. ஒவ்வொரு துளையாகச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், அப்புறம் மெதுவாக எண்ண ஆரம்பித்தார். என் தாத்தா குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பார்த்தவர், நான் பார்த்ததில்லை. தறிக்காரர்கள் துணி கொண்டு வந்து போட்டால் ஒவ்வொரு கட்டுக்கும் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழிப்பாராம், மாதக் கடைசியில் கணக்கு முடித்து அழிப்பாராம். அப்பா இதுவரை எனக்கு அதைச் சொன்னதே இல்லை. அந்த வளைவுக்குள் நின்றுகொண்டு அரை மணி நேரம் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். எத்தனை துளை என்று என்னிடம் கேட்காதீர்கள், எண்ணிக்கையை அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், காட்டமாட்டேன் என்கிறார்.

அம்மா புதுச் சந்தையை விட்டு வரமாட்டேன் என்றார். காய்கறிக்கடையில் அஸ்பாரகஸ் கட்டுக் கட்டாக இருந்தது, இங்கே மே மாதம் அதன் பருவமாம். அம்மா ஒன்றை எடுத்து நுனியைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, இது நம் தண்ணீர்விட்டான் வகைதானே என்றார். கடைக்காரரிடம் நான் மொழிபெயர்க்கும் முன்னாலேயே இரண்டு பேரும் கையாலேயே பேசி முடித்து, அவர் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார், நன்றாகவே இருந்தது.

பாவிஸில் மணி சொன்ன மாதிரிதான் ஆயிற்று. கூடாரத்தின் முன்னால் அப்பா நின்ற நேரம் அம்மா தோட்டத்தில் ஒரு தூக்கமே போட்டுவிட்டார். எட்வர்ட் கிளைவ் எந்த வருடங்களில் கவர்னர் என்பதை அப்பா அறிந்திருக்கவில்லை, நான் சொன்னதும் விரல்விட்டுக் கணக்குப் போட்டு "அப்படியானால் பாஞ்சாலங்குறிச்சியும் இவன்தானா" என்றார். ரயிலில் திரும்பும்போது தான் பாடம் நடத்திய காலத்தில் இதை ஒரு பிள்ளைக்கும் சொல்லாமல் விட்டதற்கு வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஃபிளாக்ஸ்மில்லுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் அவர்கள் கிளம்பும் முன் இன்னொரு வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு திருத்தம்: காலை 11 மணிக்கு மேல் போனால் சந்தை மாடியில் மேசை கிடைப்பது வெள்ளிக்கிழமைகூடச் சிரமம், நாங்கள் 20 நிமிடம் நின்றோம். முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் ஊரைச் சுற்றுங்கள்.